கைப்பிடி உயர்ந்தால் சக்கரத்தைப் பார்

புதுக் காரில் நான்கைந்து கிளிக்கில் இறுகிப் பிடித்த ஹேண்ட் பிரேக், சில வருடங்கள் ஓடிய பிறகு ஒன்பது பத்து கிளிக் வரை மேலே வருகிறது. சரிவில் நிறுத்தினால் வண்டி சற்று நகர்ந்துதான் நிற்கிறது. பல உரிமையாளர்கள் உடனே செய்யும் வைத்தியம் ஒன்றுதான். முன் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுகிறார்கள். கைப்பிடிக்கு அடியில் தெரியும் நட்டை நாலு சுற்று டைட் வைக்கிறார்கள். பத்து நிமிட வேலை. கைப்பிடி மறுபடியும் ஐந்தாவது கிளிக்கிலேயே நின்றுவிடுகிறது.

சில மாதங்களில் அது திரும்பவும் ஏறத் தொடங்கும். மீண்டும் நாலு சுற்று. இப்படியே போனால் ஒருநாள் நட்டில் மரை தீர்ந்துவிடும். கூடவே பின்சக்கரம் சூடேறும், மைலேஜ் குறையும், கால் பிரேக் மிதியும் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும்.

ஏனென்றால் குறை கைப்பிடியில் இல்லை. பெரும்பாலும் அது பின்னால், சக்கரத்தின் டிரம்முக்குள் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர் ஸ்பேனரை எடுக்கும் முன், கையின் விசை எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அது புரிந்தால் வேலையின் வரிசையும் தானாகவே புரிந்துவிடும்.

நிற்க எவ்வளவு விசை வேண்டும்?

ஒரு காரில் இரண்டு பிரேக்குகள் உண்டு; இரண்டின் வேலையும் வேறு வேறு. கால் பிரேக்கின் வேலை, ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் சுமார் 1,39,000 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. நிறுத்தும் சில விநாடிகளில் அவ்வளவும் பெரும்பாலும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் சூடாகித் தீர்கிறது. ஹேண்ட் பிரேக்கிடம் வண்டி வரும்போது ஏற்கெனவே நின்றுவிட்டது. அங்கே நகர்வு இல்லை, அதனால் வெப்பமும் இல்லை. ஆனால் அந்தப் பிடி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், தளராமல் இருக்க வேண்டும்.

கால் பிரேக்கில் அழுத்தத்தைக் கடத்துவது பிரேக் ஆயில். ரப்பர் சீல்களுக்குப் பின்னால் அடைபட்ட திரவத்தின் அழுத்தம் ஓர் இரவு முழுக்க அப்படியே நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் கார் பிரேக்குகளுக்கான ஐ.நா.வின் 13-எச் விதிமுறை, நிறுத்தும் பிரேக்கின் பிடியை முழுக்க முழுக்க இயந்திர அமைப்பே பூட்டி வைத்திருக்க வேண்டும் என்கிறது. முழுச் சுமை ஏற்றிய காரை 20 சதவீதச் சரிவில், மேல் நோக்கியும் கீழ் நோக்கியும், அது நிறுத்திக் காட்ட வேண்டும். அதற்குக் கை தரும் விசை 400 நியூட்டனை, அதாவது சுமார் 40 கிலோவைத் தாண்டக் கூடாது.

20 சதவீதச் சரிவு என்றால் ஐந்து மீட்டர் முன்னே போவதற்குள் ஒரு மீட்டர் ஏறும் சாலை. அங்கே நிற்கும் 1,000 கிலோ காரை ஈர்ப்பு விசை சுமார் 196 கிலோ விசையோடு கீழே இழுக்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் உள்ள பால்ட்வின் தெரு, உலகின் மிகச் செங்குத்தான தெரு என்று கின்னஸ் பதிவு பெற்றது. அதன் சரிவு 34.8 சதவீதம். அதே கார் அங்கே நின்றால் இழுப்பு சுமார் 329 கிலோவாகிவிடும்.

ஒரு கையால் சாவகாசமாக இழுக்க முடிவது 20 கிலோ. தேவைப்படுவது 200 கிலோவுக்குப் பக்கம். இடையில் இருக்கும் பத்து மடங்கை நிரப்பும் சாதனங்கள் அனைத்தும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையவை.

கையிலிருந்து சக்கரம் வரை

முதலில் வருவது கைப்பிடி என்னும் நெம்புகோல். பிடிக்கும் முனை அச்சிலிருந்து தொலைவில், கேபிள் மாட்டிய முனை அச்சுக்கு மிக அருகில். சிறிய கார் ஒன்றில் இந்த விகிதம் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். 200 நியூட்டனில் இழுத்தால் கேபிள் பக்கம் 1,200 நியூட்டன் கிடைக்கும். கைப்பிடியோடு சேர்ந்த பல்சக்கரத் துண்டும் அதில் விழும் கொக்கியும் அந்த நிலையைப் பூட்டுகின்றன. இழுக்கும்போது கேட்கும் ஒவ்வொரு கிளிக்கும் கொக்கி ஒரு பல்லைத் தாண்டும் ஓசை.

அடுத்தது சமன்படுத்தும் துண்டு. கைப்பிடியின் இழுப்பை இது இடது, வலது கேபிள்களுக்குச் சமமாகப் பங்கிடுகிறது. அதன் பிறகு உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பிவடம். 1896இல் எர்னஸ்ட் பௌடன் காப்புரிமை பெற்ற இந்தக் கேபிளின் சிறப்பு, வளைந்து நெளிந்து போகும் பாதையிலும் இழுவிசையைக் கடத்துவது. வெளி உறை அழுத்தத்தைத் தாங்க, உள்ளே இருக்கும் வடம் இழுப்பைத் தாங்குகிறது. வழியில் உராய்வுக்குக் கொஞ்சம் போய்விடும். 1,200 நியூட்டனில் 1,000 மிஞ்சுகிறது என்று கொண்டால், ஆளுக்கு 500.

கேபிள் போய்ச் சேரும் இடம் டிரம்முக்குள் இருக்கும் இன்னொரு சிறிய நெம்புகோல். அது விசையை நான்கு மடங்காக்கி, அரைவட்ட வடிவ பிரேக் ஷூக்கள் இரண்டையும் 2,000 நியூட்டனில் வெளிப்புறமாக விலக்குகிறது. ஷூவின் முதுகில் ஒட்டியிருக்கும் லைனிங் டிரம்மின் உட்சுவரில் பதிகிறது. உள்ளிருந்து விரியும் ஷூக்கள் கொண்ட இந்த டிரம் பிரேக்கை 1902இல் லூயி ரெனோ உருவாக்கினார்.

டிரம்முக்குள் இன்னொரு நல்ல காரியமும் நடக்கிறது. சரிவில் நிற்கும் சக்கரம் ஒரு திசையில் உருளப் பார்க்கிறது. அந்தத் திசைக்கு முகம் கொடுத்திருக்கும் ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து, மேலும் இறுக்கிக்கொள்கிறது. வண்டி எவ்வளவு உந்துகிறதோ அந்த ஷூ அவ்வளவு அழுந்திப் பிடிக்கும். திசை மாறினால் அடுத்த ஷூ அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். இதனால் லைனிங்கின் மொத்தப் பிடி, விலக்கும் விசையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது: 4,000 நியூட்டன். டிரம்மின் ஆரம் 9 செ.மீ., டயரின் ஆரம் 27 செ.மீ. என்றால் தரையில் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 1,330. இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து 2,660 நியூட்டன், அதாவது சுமார் 270 கிலோ. 196 கிலோ கேட்ட சரிவுக்கு இது தாராளம்.

விசை பெருகினால் தூரம் சுருங்கும்

நெம்புகோல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசையை எத்தனை மடங்காக்குகிறதோ, நகரும் தூரத்தை அத்தனை மடங்கு குறைத்துவிடும். கைப்பிடியில் ஆறு, டிரம்முக்குள் நான்கு; பெருக்கினால் 24. கைப்பிடியின் முனை 24 மி.மீ. உயர்ந்தால்தான் ஷூக்களின் முனைகள் 1 மி.மீ. விலகும்.

இதையே திருப்பிப் போட்டால் ஹேண்ட் பிரேக்கின் குறை முழுவதும் விளங்கிவிடும். இரண்டு ஷூக்களும் ஆளுக்கு அரை மில்லிமீட்டர் தேய்ந்தால், அவை கடக்க வேண்டிய இடைவெளி 1 மி.மீ. கூடுகிறது. அது கைப்பிடியில் 24 மி.மீ. கூடுதல் உயரமாக வந்து நிற்கிறது. ஏறத்தாழ இரண்டு கிளிக். கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை 24 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அளவுகோலாகக் கைப்பிடி வேலை செய்கிறது. அது உயர்ந்து வருவது, டிரம்முக்குள் இடைவெளி பெருகிவிட்டது என்ற அறிவிப்பு. நட்டை மட்டும் இறுக்குபவர், இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு அறிவிப்பை அழிக்கிறார்.

தேய்வதற்கென்றே ஒரு பொருள்

பிரேக்கில் ஏதாவது ஒன்று தேய்ந்தே ஆக வேண்டும். எது தேய வேண்டும் என்பதை முடிவு செய்வதுதான் பொறியியல். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கி.மீ. ஓட்டிச் சென்றார். மேடு பள்ளம் நிறைந்த வழியில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்து போயின. வழியிலிருந்த செருப்புத் தொழிலாளி ஒருவரிடம் அந்தக் கட்டைகளின் மேல் தோல் அடிக்கச் சொன்னார். கட்டை நிலைத்திருக்க, அதன் மேலிருக்கும் தோல் மட்டும் தேய்ந்து மாற்றப்படும். இன்றைய பிரேக் லைனிங்கின் தத்துவம் அதுவேதான்.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897இல் தொடங்கிய பிரேக் கட்டைத் தொழில், பின்னாளில் ஃபெரோடோ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. சூட்டைத் தாங்கும் அந்த இழை, மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோயை உண்டாக்கும். பழைய காரின் டிரம்மைத் திறப்பவர் உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே கூடாது. நன்றாக நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். லைனிங்கில் கல்நார் இல்லை என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் இதே பழக்கம் நல்லது. எந்த பிரேக் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது.

தானே நகரும் பல்

லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். இரண்டு ஷூக்களுக்கும் குறுக்கே ஓர் உலோகத் தண்டை வைத்து, அதன் நீளம் தானாகக் கூடும்படி செய்திருக்கிறார்கள். கால் பிரேக்கை மிதிக்கும்போது ஷூக்கள் குறிப்பிட்ட அளவைவிட அதிகமாக விலகினால், தண்டில் உள்ள பல் ஒரு படி நகர்ந்து பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஷூக்கள் பழைய இடத்துக்குத் திரும்பாது. டிரம்முக்குச் சற்று அருகிலேயே நிற்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஹேண்ட் பிரேக்கை விடுவித்தபோது, டிரம்முக்குள் இருக்கும் சிறிய நெம்புகோல் முழுவதுமாகப் பின்னால் போய்த் தன் தடுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். பல வடிவமைப்புகளில் அந்த நெம்புகோலும் குறுக்குத் தண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. கேபிளை அளவுக்கு மீறி இறுக்கினால் நெம்புகோல் பாதி இழுத்த நிலையிலேயே தங்கிவிடும். தண்டு எப்போதும் அழுந்தியே கிடக்கும். பல் நகர வேண்டிய இடைவெளி அதற்குக் கிடைக்கவே கிடைக்காது. தானியங்கிச் சரிசெய்தல் அத்தோடு நின்றுபோகிறது. லைனிங் தேயும், கைப்பிடி ஏறும், உரிமையாளர் மறுபடியும் நட்டை இறுக்குவார். சுழற்சி தொடங்குவது இப்படித்தான்.

ஆகவே வேலையின் வரிசை இதுதான்: முதலில் கேபிளைத் தளர்த்து, அடுத்து ஷூக்களைச் சரிசெய், கேபிள் கடைசியில்தான்.

வீட்டு வாசலில்

தேவையானவை அதிகமில்லை. ஜாக்கி, வண்டியைத் தாங்க இரண்டு ஸ்டாண்டுகள், முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டைகொடுக்க நான்கு கனமான மரக்கட்டைகள், ஸ்பேனர், சாக்கெட், நீளமான தட்டை ஸ்குரூ டிரைவர், டார்ச் லைட். இவற்றோடு பயணப்பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று இருந்தால் வேலை துல்லியமாகும். காரின் கையேடும் பக்கத்தில் இருக்கட்டும்.

தொடக்கத்தில் அளவு எடுக்க வேண்டும். தராசின் கொக்கியைக் கைப்பிடியின் நுனியில் மாட்டி, அது 20 கிலோ காட்டும் வரை கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுத்துக் கிளிக்குகளை எண்ணலாம். கையேடுகள் பெரும்பாலும் இத்தனை கிலோவுக்கு இத்தனை கிளிக் என்றே அளவு தருகின்றன. சிறிய கார்கள் சிலவற்றில் 20 கிலோவுக்கு 4 முதல் 9. வேறு சிலவற்றில் 5 முதல் 7. தன் காருக்கு உரிய எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். விசையைச் சொல்லாமல் கிளிக்கை மட்டும் எண்ணினால், வலுத்த கைக்கு ஒரு விடையும் மெலிந்த கைக்கு இன்னொரு விடையும் கிடைக்கும்.

சமதளமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கப் போவதால் வண்டியைத் தடுத்து வைக்க வேறு வழி தேவை. முன்சக்கர இயக்கக் கார் என்றால் முன்சக்கரங்களுக்கு அண்டைகொடுத்து முதல் கியரில் போட்டால் போதும். என்ஜினே முன்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். ஓம்னி, பொலேரோ போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் பின்சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டால் கியருக்குப் பிடிமானம் இல்லை. பின்சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க நியூட்ரலும் தேவை. அங்கே முன்சக்கர அண்டைதான் எல்லாமே. எந்த வண்டியாக இருந்தாலும் பின்பக்கத்தைத் தூக்கியதும் கையேடு காட்டும் இடங்களில் ஸ்டாண்டுகளை வைத்து, எடை அவற்றின் மேல் இறங்கிய பிறகே கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ தோளையோ கொண்டு போகக் கூடாது. செங்கல்லை அடுக்கி வைப்பதும் ஆபத்து. அது சட்டென்று நொறுங்கும்.

இப்போது நடுவிலிருக்கும் மூடியைக் கழற்றி, லாக் நட்டை விடுவித்து, கேபிள் தொய்யும் வரை சரிசெய்யும் நட்டைத் தளர்த்த வேண்டும். பின்சக்கரம் இரண்டையும் கையால் சுழற்றிப் பார்க்கலாம். அதுவரை உரசிக்கொண்டிருந்த சக்கரம் இப்போது இலகுவாகச் சுழன்றால், கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருந்தது என்று பொருள்.

அடுத்தது ஷூ. தானியங்கி அமைப்புள்ள டிரம்களில், கேபிள் தளர்ந்த நிலையில் கால் பிரேக்கை நன்றாக அழுத்தி அழுத்தி விட வேண்டும். டிரம்முக்குள் பல் நகரும் ஓசை மெல்லக் கேட்கும். அது நிற்கும் வரை மிதிக்கலாம். கையால் சரிசெய்யும் வகை என்றால், சக்கரத்தின் பின்புறம் உள்ள தகட்டில் ரப்பர் மூடி போட்ட சிறு துளை இருக்கும். அதன் வழியே ஸ்குரூ டிரைவரை விட்டால் நட்சத்திரப் பல்சக்கரம் தட்டுப்படும். சக்கரம் கையால் சுழற்ற முடியாதபடி இறுகும் வரை அதைப் பல் பல்லாகத் தள்ளி, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுழலும் வரை திருப்பிவிட வேண்டும். எந்தப் பக்கம் தள்ளினால் இறுகும் என்பது மாடலுக்கு மாடல் மாறும்; சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு சக்கரங்களிலும் பிடி ஒரே அளவாக இருக்க வேண்டும். ரப்பர் மூடியைத் திரும்பப் போட மறந்தால் மழைநீர் நேராக டிரம்முக்குள் போகும்.

பல கார்களில் இந்தக் கட்டத்திலேயே கைப்பிடியின் உயரம் பாதி சரியாகியிருக்கும், கேபிளை இறுக்காமலேயே!

மிச்சத்தைத்தான் கேபிள் நட்டில் சரிசெய்ய வேண்டும். கைப்பிடியை நாலைந்து முறை முழுக்க இழுத்து விட்டு, கேபிளைத் தன் பாதையில் படிய வைக்க வேண்டும். பிறகு நட்டைச் சிறுகச் சிறுக இறுக்கி, ஒவ்வொரு முறையும் தராசால் இழுத்துக் கிளிக்கை எண்ணலாம். கையேடு சொல்லும் எண்ணுக்குள் வந்ததும் நிறுத்த வேண்டும். இன்னும் இறுக்கினால் நல்லதுதானே என்ற எண்ணம் இங்கே கெடுதல் செய்யும். கைப்பிடியை முழுக்க இறக்கியபின் இரண்டு சக்கரங்களும் உரசாமல் சுழல்வதுதான் தேர்வு. ஒன்று சுழன்று மற்றொன்று பிடித்தால், ஒரு பக்கக் கேபிள் உறைக்குள் சிக்கியிருக்கலாம் அல்லது ஒரு பக்க ஷூ சரியாக அமையவில்லை. லாக் நட்டை இறுக்கும்போது சரிசெய்த நட்டும் கூடவே சுழன்றுவிடாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கைப்பிடியை முதல் கிளிக்கில் வைத்ததுமே டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிய வேண்டும். இறக்கினால் அணைய வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டபடியே கிலோமீட்டர் கணக்கில் ஓட்டி லைனிங்கைக் கருக்குவதிலிருந்து காப்பாற்றும் ஒரே சாட்சி அந்த விளக்கு.

வண்டியை இறக்கி, ஆள் நடமாட்டமில்லாத லேசான சரிவில் சோதித்துப் பார்க்கலாம். அதன் பிறகு அதிகம் பிரேக் போடாமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பின்சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகில் புறங்கையைக் கொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடுபடவில்லை. திரும்பவும் கேபிளைத் தளர்த்துவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சரிசெய்தும் பிடிக்காதபோது

எல்லாம் முறையாகச் செய்த பிறகும் பிடி வரவில்லை என்றால் கேள்வி மாறுகிறது. அது இனி சரிசெய்யும் வேலையில்லை, மாற்றும் வேலை. லைனிங் கையேடு சொல்லும் எல்லை வரை தேய்ந்திருந்தால் ஷூவை மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். பின் தகட்டின் அடியில் ஈரக்கசிவு தெரிந்தால், கால் பிரேக்கில் ஷூக்களை விலக்கும் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. பிரேக் ஆயிலில் ஊறிய லைனிங் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். அந்தக் கசிவு கால் பிரேக்குக்கும் ஆபத்து என்பதால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழைப்பதே சரி. கைப்பிடியை இறக்கியும் கேபிள் மெதுவாகத் திரும்பினால் உறைக்குள் துரு ஏறியிருக்கிறது. வடத்தில் ஓரிரு இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் விட்டுச் சமாளிக்கக் கூடாது. புதுக் கேபிள்தான் போட வேண்டும்.

எவ்வளவு பிடித்தால் போதும் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே நடக்கும் எம்.ஓ.டி. என்னும் ஆண்டுச் சோதனையில், கால் பிரேக்கின் ஆயில் பாதை இரண்டு தனிச் சுற்றுகளாக உள்ள காரின் ஹேண்ட் பிரேக், வண்டி எடையில் குறைந்தது 16 சதவீத அளவுக்குப் பிடி காட்ட வேண்டும். உருளைகளின் மேல் சக்கரத்தை வைத்துச் சுழற்றி அளக்கிறார்கள். 1,000 கிலோ கார் என்றால் 160 கிலோ விசை.

பின்னால் டிஸ்க் இருந்தால்

பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள கார்களில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் டிஸ்க்கின் நடுக் கிண்ணத்துக்குள்ளேயே ஒரு சிறிய டிரம் ஒளிந்திருக்கும். அது நிறுத்திவைக்க மட்டுமே பயன்படுவதால் லைனிங் மிகக் குறைவாகவே தேயும். மேலே சொன்ன நட்சத்திரப் பல்சக்கரமும் வரிசையும் இதற்கும் பொருந்தும்.

இரண்டாம் வகையில் கேபிள் நேராக, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் நெம்புகோலைத் திருப்பி, கால் பிரேக்கின் பேடுகளையே டிஸ்க்கில் அழுத்துகிறது. இங்கே தேய்மானத்தை ஈடுகட்டும் திருகு காலிப்பருக்குள் இருக்கிறது. கேபிள் தளர்ந்த நிலையில் காலிப்பரின் நெம்புகோல் தன் தடுப்பில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நட்டைத் தொட வேண்டும். இந்த வகைக்கு வெப்பத்தால் வரும் ஒரு பலவீனம் உண்டு. மலைப்பாதையில் இறங்கி வந்த வண்டியின் டிஸ்க் சூடாக, விரிந்து இருக்கும். அந்த நிலையில் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் போனால், டிஸ்க் ஆறிச் சுருங்கச் சுருங்க பேடுகளின் அழுத்தம் குறையும். பூட்டிய கைப்பிடி தானாக மேலும் ஒரு பல் ஏறாது. வண்டி நின்று அரை மணி நேரம் கழித்து உருளக்கூடும். சூடான பிரேக்கோடு சரிவில் நிறுத்துபவர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு கிளிக் கூடுதலாக இழுத்து, கியரிலும் போட்டுவிட்டு இறங்க வேண்டும்.

மூன்றாம் வகை, பொத்தானை அழுத்தினால் மோட்டார் இறுக்கும் மின்னணு ஹேண்ட் பிரேக். 2001இல் வந்த பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் இதைக் கொண்டுவந்த முதல் கார்களில் ஒன்று. சூடான டிஸ்க் ஆறும்போது தானாகவே மீண்டும் இறுக்கும்படி இவற்றில் பலவற்றுக்கு நிரல் எழுதியிருக்கிறார்கள். இதில் திருக நட்டும் இல்லை, எண்ணக் கிளிக்கும் இல்லை. பேடு மாற்றுவதற்குக்கூட ஸ்கேன் கருவியால் மோட்டாரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பேடை அழுத்தும் பிஸ்டனைக் கையால் தள்ளினால் மோட்டாரின் திருகு கெட்டுவிடும். வீட்டு வாசலில் செய்யும் வேலையாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரிவில் நிறுத்தும்போது

ஹேண்ட் பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. வண்டியைப் பிடித்து நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே. முன்பக்கம் 60 சதவீத எடை தாங்கும் ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்ளலாம். எடைமையம் தரையிலிருந்து 55 செ.மீ., முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.45 மீட்டர். 20 சதவீதச் சரிவில் கீழ்நோக்கி நின்றால், பின்சக்கரங்களின் மேல் விழும் எடை மொத்தத்தில் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வழுக்காமல் நிற்க 0.56 அளவு உராய்வுக் குணகம் தேவை. அதே கார் மேல்நோக்கி நின்றால் பின்சக்கரங்களில் 44 சதவீதம், 0.45 போதும். நனைந்த, மழமழப்பான சாலையில் இந்த வித்தியாசம் வண்டி நிற்பதா சறுக்குவதா என்பதையே முடிவு செய்யலாம்.

எனவே பிரேக்கோடு இன்னொரு காவலும் வேண்டும். சான் பிரான்சிஸ்கோ நகரில் 3 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள தெருவில் நிறுத்தினால், முன்சக்கரத்தைத் திருப்பி நடைபாதை ஓரக்கல்லில் அண்டைகொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். இடதுபுறம் ஓட்டும் நாடுகளில், ஓரக்கல் இடப்பக்கம் இருக்கும்போது, கீழ்நோக்கி நின்றால் ஸ்டீயரிங்கை இடதுபக்கமும் மேல்நோக்கி நின்றால் வலதுபக்கமும் திருப்ப வேண்டும். வண்டி உருண்டாலும் டயர் கல்லில் முட்டி நின்றுவிடும்.

ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவர்கள் பலர், கியரை 'பி'யில் வைத்தால் ஹேண்ட் பிரேக் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். 'பி' என்பது கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தில் விழும் சிறிய கொக்கி மட்டுமே. 2016 ஜூன் 19 அன்று ஹாலிவுட் நடிகர் ஆன்டன் எல்ச்சின், லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டின் செங்குத்தான வாகனப் பாதையில் பின்னோக்கி உருண்டு வந்த தன்னுடைய ஜீப் கிராண்ட் செரோகிக்கும் செங்கல் தூணுக்கும் இடையே நசுங்கி இறந்தார். அவருக்கு வயது 27. எந்தக் கியரில் இருக்கிறது என்பதை ஓட்டுநருக்குத் தெளிவாக உணர்த்தாத கியர் லீவருக்காக, அந்த மாடல் உள்ளிட்ட சுமார் 11 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அந்த ஏப்ரலில்தான் அறிவித்திருந்தது. பிரேக் மிதியில் காலை வைத்தபடி முதலில் ஹேண்ட் பிரேக், அதன் பிறகு 'பி' என்ற வரிசையைப் பழக்கிக்கொண்டால், வண்டியின் எடை கொக்கியின் மேல் விழாது. லீவரைத் தவறாக வைத்துவிட்டாலும் பிரேக் பிடித்துக்கொள்ளும்.

வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு மட்டும் வேறு முறை. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் ஈரம் பட்ட டிரம்மின் உட்சுவரில் துரு படரும்; அழுந்தியே கிடக்கும் லைனிங் அதோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதை வண்டியை உந்திப் பிரிக்கும்போது லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து வரலாம். அதனால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரிலோ 'பி'யிலோ போட்டு, இரண்டு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையால் அண்டைகொடுத்து, அதன் பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். கட்டை வைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவைப்பது, அடுத்து வண்டியை எடுப்பவருக்கு உதவும்.